கவனமும் கடனும்

சடங்கு என்ற சொல்லைத் தமிழில் நாம் இரண்டு விதமாகப் புழங்குகிறோம். பெண் பெரியவளானால் சடங்கு. செத்துப்போனவருக்கும் சடங்கு. அதே சமயம், மனம் ஒன்றாமல் செய்து முடித்த காரியத்தையும் 'வெறும் சடங்கு' என்கிறோம். வாழ்வின் கனமான தருணங்களுக்கும் கனமே இல்லாத செயலுக்கும் ஒரே சொல் வந்து சேர்ந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. திரும்பத் திரும்பச் செய்யப்படும் எதுவும் ஒரு கட்டத்தில் தன் பொருளை இழந்து உடம்பின் பழக்கமாக மிஞ்சிவிடுகிறது. நவீன மனம் சடங்கைச் சந்தேகித்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். கடந்த இருபது ஆண்டுகளாக உலகின் பெருநகரங்களில் பரவிவரும் ஒரு பழக்கம் இந்தச் சந்தேகத்தையே தலைகீழாக்கியிருக்கிறது. சடங்கில் கவனம் செத்துப்போகும் என்று நினைத்திருந்தோம். இப்போது, கவனம் செத்துப்போனதை உணர்ந்தவர்கள் அதை மீட்கச் சடங்கைத் தேடிப் போகிறார்கள்.

'செரிமோனியல் ககாவோ', அதாவது சடங்குக் கோகோ என்பது அதன் பெயர். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்காருகிறார்கள். நடுவில் மெழுகுவத்தி, பூ. கொழுப்பு நீக்காத கோகோ விழுதைப் பால் சேர்க்காமல் வெந்நீரில் கரைத்து, ஆளுக்கு 30-லிருந்து 45 கிராம் வரை கொடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் கோப்பையை இரண்டு கையாலும் நெஞ்சருகே பிடித்துக்கொண்டு ஒரு சங்கல்பம் செய்துகொள்கிறார்கள். கசப்பை மெள்ள மெள்ளக் குடிக்கிறார்கள். பிறகு மௌனம், அல்லது இசை, ஆட்டம், அழுகை. நடத்துபவர் இதயம் திறப்பதைப் பற்றிப் பேசுகிறார். இவர்கள் கோகோவைக் 'குடிக்கிறோம்' என்பதில்லை. கோகோவோடு 'வேலை செய்கிறோம்' என்கிறார்கள். இந்த வேலையைக் கற்றுத்தரப் பயிற்சி வகுப்புகளும் சான்றிதழ்களும் உண்டு. 'சடங்குத் தரம்' என்று உறையில் அச்சிட்ட கோகோ தனி விலைக்குப் போகிறது. அப்படி ஒரு தரத்தை வரையறுத்துச் சோதிக்கும் அதிகாரபூர்வமான அமைப்பு எதுவும் கிடையாது.

கேலி செய்வது சுலபம். காஃபீனுக்குப் பங்காளியான தியோப்ரோமின் என்ற மெல்லிய ஊக்கியைக் குடித்துவிட்டு ஞானம் வந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் அந்த வட்டத்தில் அழுகிறவரின் அழுகை பொய்யாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நாள் முழுவதும் தன் கையில் இருக்கும் எதையும் பார்க்க நேரமில்லாத ஒருவர், ஒரு கோப்பையை அரைமணி நேரம் பார்க்கிறார். இது சின்ன விஷயமல்ல. நான் கேட்க விரும்புவது வேறு. இன்னொருவருடைய சடங்கை வாங்கிக்கொண்டு கவனத்தைக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியும் என்றால், அந்தக் கவனம் எதுவரை போகவேண்டும்?

2

கோப்பைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

1984-ல், குவாதமாலாவின் வடகிழக்குக் காட்டில் ரியோ அஸூல் என்ற இடத்தில், மாயா கல்லறை ஒன்றிலிருந்து திருகு மூடி போட்ட மண்பாத்திரம் கிடைத்தது. அதன்மேல் தீட்டியிருந்த எழுத்துகளில் ஒன்றைக் 'கக்காவ்' என்று வாசித்தார்கள். உள்ளே ஒட்டியிருந்த வண்டலைச் சோதித்தபோது தியோப்ரோமின் இருந்தது. சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவருக்கு வழித்துணையாகக் கோகோ வைத்திருக்கிறார்கள். 16-ம் நூற்றாண்டில் யுகத்தானில் மாயா நூல்களைத் தீயிலிட்ட பாதிரி டியேகோ தெ லாந்தா, கோகோத் தோட்டக்காரர்கள் எக் சுவா என்ற தெய்வத்துக்கு எடுத்த விழாவையும் எழுதிவைத்திருக்கிறார். குவாதமாலாவின் கெக்சி மாயா விவசாயிகளிடையே, மக்காச்சோளம் விதைப்பதற்கு முந்தைய இரவு கண்விழித்திருந்து கோகோ குடிக்கும் வழக்கம் உண்டு. இறந்தவர், தெய்வம், விளைநிலம் என்று இவை ஒவ்வொன்றிலும் கோகோ குடிப்பவரைத் தாண்டி இன்னொன்றை நோக்கிப் போகிறது. குடிப்பவரின் மன அமைதி இவற்றில் எதற்கும் நோக்கமாக இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பழைய சடங்கு மாசற்றதாக இருந்தது என்று கற்பனை செய்துகொள்ளவும் இடமில்லை. அஸ்தெக்குகளின் நஹுவாத்ல் மொழியில் கோகோவைக் குறிக்க 'இதயம், ரத்தம்' என்று ஓர் உருவக வழக்கு இருந்தது. இதயம் திறப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். டியேகோ துரான் என்ற இன்னொரு பாதிரி பதிவு செய்த விவரம் இது. கெட்ஸல்கோத்ல் விழாவுக்காக ஓர் அடிமையை வாங்கி, 40 நாள் தெய்வத்தின் வேஷமிட்டுத் தெய்வமாகவே கொண்டாடுவார்கள். பலிநாள் நெருங்கும்போது அவனிடம் அதைச் சொல்வார்கள். அவன் முகம் வாடினால், முந்தைய பலிகளின் ரத்தம் படிந்த கத்திகளைக் கழுவிய நீரில் கோகோவைக் கரைத்துக் கொடுப்பார்கள். குடித்தவன் துயரத்தை மறந்து மறுபடி ஆடுவான் என்பது நம்பிக்கை. துக்கத்தைப் போக்க ஒரு கோப்பை கோகோ என்பது பழைய யோசனைதான். யாருடைய சௌகரியத்துக்காக யாருடைய துக்கம் போக்கப்பட்டது என்பதைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

கோகோ விதை அங்கே நாணயமாகவும் புழங்கியது. 1545-ல் த்லாஸ்கலாவில் எழுதப்பட்ட விலைப்பட்டியலில் ஒரு பெட்டை வான்கோழிக்கு 100 நல்ல விதை, ஒரு தமாலுக்கு ஒரு விதை. சொகொனுஸ்கோ என்ற பசிபிக் கரைப் பிரதேசம் அஸ்தெக் தலைநகருக்கு 200 சுமை கோகோ கப்பம் கட்டவேண்டியிருந்ததாக மெண்டோசா சுவடி காட்டுகிறது. ஒரு சுமை என்பது 24,000 விதை. சுமக்க மாடோ குதிரையோ இல்லாத தேசம் அது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மனித முதுகில் போனது. குடித்தவர்கள் பிரபுக்கள், போர்வீரர்கள், தூரதேச வணிகர்கள்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில், கி.பி. 670-க்கும் 750-க்கும் இடைப்பட்ட மாயா பாத்திரம் ஒன்று இருக்கிறது. கோகோ குடிப்பதற்காகவே செய்யப்பட்டது என்று அதன் விளிம்பு எழுத்து சொல்கிறது. அதில் தீட்டியிருக்கும் காட்சியில் ஒரு கிழத்தெய்வம் அரியணையில் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் ஐந்து பெண்கள். ஒருத்தி நின்றபடி ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு, நாம் காப்பி ஆற்றுவதுபோல, உயரத்திலிருந்து ஊற்றி நுரை எழுப்புகிறாள். பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பினால், முகமூடி அணிந்த இருவர் கட்டுண்ட ஒருவனின் தலையை வெட்டுகிறார்கள். நுரைக்கும் கோகோவும் வெட்டுப்படும் கழுத்தும் ஒரே சுவரில் இருக்கின்றன. குடிப்பவர் உருட்டிப் பார்த்தால் இரண்டையும் பார்க்காமல் இருக்க முடியாது. கிழத்தெய்வம் பார்க்கவில்லை. அது ஒரு பெண்ணின் மணிக்கட்டில் காப்புக் கட்டுவதில் ஈடுபட்டிருக்கிறது. ஆனால் பெண்களில் ஒருத்தி, முன்னால் இருப்பவளின் பாதத்தைத் தட்டுகிறாள். அங்கே பார் என்கிற தட்டல் அது. கவனம் என்பதற்கு இதைவிடத் தெளிவான படிமத்தை நான் பார்த்ததில்லை.

3

இனி சடங்கை வாங்கிக்கொள்ளும் கேள்விக்கு வரலாம். இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன.

முதல் பதில்: இது மாயாக்களின் சொத்து, மற்றவர்கள் தொடக்கூடாது. இதன் தார்மீகக் கோபம் புரிகிறது. தர்க்கம் நிற்காது. ஈக்வதோரின் தென்கிழக்கில், அமேசான் மேற்படுகையில், 5300 ஆண்டுகளுக்கு முந்தைய பாத்திரங்களில் கோகோவின் தடயம் இருப்பதை 2018-ல் வெளியான ஆய்வு நிறுவியது. மாயாக்களுக்கு வெகுகாலம் முன்பே, வெகுதூரத்தில், வேறு யாரோ கோகோவைப் புழங்கியிருக்கிறார்கள். மரம் கை மாறி, சொல் கை மாறி, தெய்வமும் கை மாறித்தான் மத்திய அமெரிக்காவுக்கு வந்தது. பிற்பாடு பேரரசுகளும் கம்பெனிகளும் அதைக் கடல் கடத்தின. கிழக்கிந்தியக் கம்பெனி 1798-ல் அம்பொய்னா தீவிலிருந்து நம் குற்றாலத்துக்கும் கோகோக் கன்றுகளைக் கொண்டுவந்திருக்கிறது. கை மாறாத மரபு என்று ஒன்று இல்லை. மற்ற மொழிகளிலிருந்து வடிவங்களை எடுத்துக்கொண்டு எழுதிவருகிற நாம் இதை மற்றவர்களைவிட நன்றாகவே அறிவோம்.

இரண்டாவது பதில்: எல்லாம் எல்லாருக்கும் பொது, மனித குலத்தின் செல்வம். கேட்க விசாலமாக இருக்கிறது. 1753-ல் லின்னேயஸ் இந்த மரத்துக்குத் தியோப்ரோமா என்று பெயர் வைத்தார். தெய்வங்களின் உணவு என்று பொருள். எந்த மக்களின் தெய்வங்கள் என்று பெயரில் இல்லை. இந்த விசாலத்தின் குறையும் அதுதான். அது யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை.

குவாதமாலாவின் அதித்லான் ஏரிக்கரையில் சான் மார்கோஸ் லா லகூனா என்ற சிற்றூர் இருக்கிறது. இன்றைய கோகோ வட்டங்களின் பிறப்பிடமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அங்கே குடியேறிய ஓர் அமெரிக்கரின் வீட்டில் நடந்த கூட்டங்களிலிருந்து இது பரவியது. ஏரி 1500 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது. அந்தக் குளிரில் கோகோ மரம் வளராது. கோகோ கீழ்நாட்டு வெக்கையிலிருந்து ஏறி வருகிறது. அதே ஏரியின் தென்கரையில் இருக்கிறது சந்தியாகோ அதித்லான். 1990 டிசம்பர் 2 அன்று, ஆயுதமில்லாமல் ராணுவ முகாமின் முன் திரண்ட சுதுஹில் மாயா மக்கள்மீது சிப்பாய்கள் சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1960-லிருந்து 1996 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் 2,00,000-க்கு மேல் என்று ஐ.நா. ஆதரவில் அமைந்த உண்மை ஆணையம் 1999-ல் மதிப்பிட்டது. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதத்தினர் மாயாக்கள். போர் முடிந்து வெகுகாலம் ஆன பிறகும், 2020 ஜூனில், பெத்தென் பிரதேசத்தில் ஒரு கெக்சி மூலிகை அறிஞரைச் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டி ஒரு கும்பல் உயிரோடு எரித்தது.

ஒரே நாட்டில், ஒரே காலத்தில், மாயா சடங்கறிவு வந்துபோகிறவர்களுக்கு அமைதி தரும் பண்டமாகவும், அதைச் சுமப்பவருக்கு உயிரை வாங்கும் குற்றமாகவும் இருந்திருக்கிறது. எல்லாம் எல்லாருக்கும் பொது என்றால், இந்தச் சாவும் எல்லாருக்கும் பொதுவாக இருந்திருக்கவேண்டும்.

4

இரண்டு பதில்களுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டுமே கோப்பையை உடைமையாகப் பார்க்கின்றன. ஒன்று அவர்களுடையது என்கிறது, மற்றது எல்லாருடையது என்கிறது.

கவனத்தைப் பற்றி இந்த நூற்றாண்டுக்கும் போன நூற்றாண்டுக்குமாகச் சேர்த்து மிக ஆழமாக யோசித்தவர் ஸிமோன் வெய். 1942-ல், பள்ளிப் படிப்பைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றில், ஐரோப்பியப் புராணத்தின் புனிதக் கிண்ணத்தைப் பற்றிய கதையை நினைவுபடுத்துகிறார். அந்தக் கிண்ணத்தைக் காவல் காக்கும் அரசன் தீராத காயத்தோடு கிடக்கிறான். வருகிறவர்களில் எவர் முதலில் அவனுடைய வேதனை என்னவென்று கேட்கிறாரோ அவருக்கே கிண்ணம். வம்சமும் கேட்கப்படவில்லை, விலையும் கேட்கப்படவில்லை. காவலனின் காயத்தை விசாரிப்பது ஒன்றே தகுதி. வெய்யைப் பொறுத்தவரை கவனம் என்பது தன்னைக் காலி செய்துகொண்டு, எதிரில் இருப்பது உள்ளே வர இடம் விடுவது. தன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கு அவர் அந்தப் பெயரைக் கொடுக்கமாட்டார்.

இன்று உலகெங்கும் பேசப்படும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற சொல்லையும் இந்த இடத்தில் பார்க்கவேண்டும். பாலியில் உள்ள 'ஸதி' என்ற பௌத்தச் சொல்லுக்கு ரீஸ் டேவிட்ஸ் 1881-ல் கொடுத்த மொழிபெயர்ப்பு அது. 1979-ல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சியாக அது மறுபிறவி எடுத்தது. ஸதி என்பது சமஸ்கிருதத்தின் ஸ்மிருதிதான். மூலப்பொருள் நினைவு. மருத்துவமனை வழியாக உலகத்துக்கு வந்த பயிற்சி 'இந்தக் கணத்தில் இரு' என்று சொல்லிக்கொடுத்தது. சொல்லின் வேரோ நினைவுகூர் என்கிறது. நினைவை வெட்டிவிட்ட கவனம் கணத்துக்குள் சுகமாக அடங்கிக்கொள்ளும். கோப்பையின் சூடு, மணம், கசப்பு எல்லாம் அதற்குத் தெரியும். கோப்பை எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. இந்தக் கணத்தில் அது இல்லையே.

தமிழில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பட்ட பாக்கியையும் கடன் என்கிறோம், செய்யவேண்டிய கடமையையும் கடன் என்கிறோம். நீத்தார்கடன் என்பதில் இரண்டு பொருளும் ஒன்றாகக் கிடக்கின்றன. செத்தவருக்குச் செய்வது கடமை, ஏனென்றால் அவரிடம் பட்டிருக்கிறோம். எல்லாச் சடங்குக்கும் அடியில் இந்த ஒப்புதல் இருக்கிறது என்று நினைக்கிறேன். விதைப்பதற்கு முன் கண்விழிக்கும் கெக்சி விவசாயி மண்ணைக் கீறப்போவதை முன்கூட்டி ஒப்புக்கொள்கிறான். வாங்குகிறவனுக்கும் கடன்படுகிறவனுக்கும் வித்தியாசம் இதுதான். விலை கொடுத்ததும் வாங்குகிறவனின் உறவு முடிகிறது. கடன்பட்டவனின் உறவு அங்கே ஆரம்பமாகிறது. சடங்குக் கோகோவில் நான் காணும் குறை அது போலி என்பதல்ல. அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

5

'கோகோவோடு வேலை செய்வது' என்ற தொடருக்குத் திரும்புவோம். அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

பலாவைப் போல அடிமரத்திலேயே காய்க்கும் காயை அரிவாளால் அறுத்து, உடைத்து, வெள்ளைச் சதையோடு ஒட்டிய விதைகளை வழித்துக் குவிக்கவேண்டும். வாழையிலை போட்டு மூடி ஐந்து முதல் ஏழு நாள் புளிக்கவிடவேண்டும். அந்தச் சூட்டில் விதையின் முளை செத்துப்போகிறது. சாக்லேட்டின் மணத்துக்கான மூலங்கள் அதன் பிறகே உருவாகின்றன. பிறகு வெயிலில் பரப்பிப் புரட்டிப் புரட்டிக் காயவைப்பது, வறுப்பது, தோல் நீக்குவது. மெத்தாத்தே என்ற அம்மிக்கல்லில் மண்டியிட்டு அரைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இது கோகோவோடு செய்யும் வேலை. உலகின் கோகோவில் பாதிக்கு மேல் விளைவித்துவந்த ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு நாடுகளிலும், 2018-19 பருவத்தில் 15.6 லட்சம் குழந்தைகள் இந்த வேலையில் இருந்ததாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் 2020-ல் கணக்கிட்டது. குழந்தை உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களை 2005-க்குள் ஒழிப்பதாகச் சாக்லேட் நிறுவனங்கள் கையெழுத்திட்டது 2001-ல்.

சடங்குக்காரர்கள் சொல்வார்கள்: எங்கள் கோகோ ஆப்பிரிக்காவிலிருந்து வருவதல்ல, சிறு விவசாயிகளிடமும் பெண்கள் குழுக்களிடமும் நேரடியாக, கூடுதல் விலைக்கு வாங்குகிறோம் என்று. பலர் விஷயத்தில் இது உண்மையாக இருக்கலாம். இருந்தால் மரியாதைக்குரியது. ஆனால் அதை உறையின் பின்பக்கத்தில் சான்றாக அச்சிட்டுவிட்டு, வட்டத்துக்குள் மறுபடி தன் இதயத்தைப் பற்றியே பேசினால், விவசாயி உறையிலேயே தங்கிவிடுகிறார். அவரும் சடங்கின் பகுதியாக வேண்டாமா? மரம் வளர்த்தவர் பெயரையும் அவருக்குக் கிடைத்த கூலியையும் உரக்கச் சொல்லிவிட்டுக் குடிக்கும் வட்டம் எங்காவது இருந்தால், மாயா மொழியில் ஒரு சொல்லும் தெரியாவிட்டாலும், அது பழைய சடங்குக்கு அருகில் இருக்கிறது என்பேன்.

ஓர் ஆட்சேபம் வரும். ஒவ்வொரு மிடறிலும் ரத்தத்தை நினைக்கச் சொன்னால் மனிதன் எதைத்தான் குடிப்பது? காலையில் நாம் குடிக்கும் தேநீரை இப்படிக் கேட்டுப் பார்த்தோமா? நியாயமான கேள்வி. பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் புதுமைப்பித்தன் கேட்டிருக்கிறார். 'துன்பக்கேணி' எழுதியபோது அவர் தேயிலையைப் பிடித்துக்கொண்டு இலங்கை மலைத்தோட்டத்துக்கு, அங்கே சீரழிந்த ஒரு பெண்ணின் உடம்பு வரைக்கும் போனார். தமிழில் தேநீருக்கு ஒரு சடங்கு செய்யப்பட்டது என்றால் அந்தக் கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் படித்தவர்கள் யாரும் தேநீரை நிறுத்திவிடவில்லை. நிறுத்தச் சொல்வதற்காக அது எழுதப்படவும் இல்லை. குடிக்கிறவருக்கு ஒரு கடன் இருப்பதை அது பதிவு செய்தது. ஒவ்வொரு மிடறிலும் நினைக்க யாராலும் முடியாது. அதனால்தான் சடங்குக்கென்று ஒரு நாளும் ஒரு நேரமும் ஒதுக்கினார்கள் போலும். மற்ற நேரங்களில் மறந்திருப்பதற்கான அனுமதியை அந்த ஒரு நேரத்து நினைவு சம்பாதித்துத் தருகிறது.

ஆகவே, முன்னே கேட்ட கேள்விக்கு என் பதில் முடியும் என்பதே. இன்னொருவருடைய சடங்கின் வழியாகக் கவனத்தைக் கற்றுக்கொள்ளலாம். கடன் வாங்கியது என்று தெரிந்திருக்கவேண்டும். அந்தக் கவனம் எதுவரை போகவேண்டும் என்றால், காவலனின் காயம் வரை போகவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தொடங்குவதில் தப்பில்லை. எப்போது திறக்கிறோம், எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. ஆயிரத்து முன்னூறு வருஷமாக அந்தப் பாத்திரத்தில் ஒருத்தி இன்னொருத்தியின் பாதத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் காட்டும் பக்கம் கோகோ இல்லை.